'அங்கு' மரம் தேடி: கட்வாலில் ஏழு நாள்

முதல் நாள்: ரிஷிகேஷ் – கோபேஷ்வர்

காலை ஐந்தரைக்கு ரிஷிகேஷ் பஸ் நிலையத்தில், கம்பி போட்ட ஜன்னலுக்குள் ஓர் ஆள் மப்ளரைக் காது வரை சுற்றிக்கொண்டு டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தார். கார்பன் காகிதம், ரப்பர் ஸ்டாம்ப், காதில் செருகிய பேனா. நான் கேட்டது ஜன்னல் ஓர சீட். அவர் கொடுத்தது பின் சக்கரத்துக்கு நேர் மேலே. அதுவும் ஜன்னல் ஓரம்தான், குறை சொல்ல முடியாது.

இந்தப் பயணத்தின் கதையே இப்படிப்பட்ட ஒரு ஜன்னலில்தான் தொடங்குகிறது. கட்வால் மோட்டார் ஓனர்ஸ் யூனியனில் இதே மாதிரி புக்கிங் கிளார்க்காக இருந்தவர் சண்டி பிரசாத் பட். 1934-ல் கோபேஷ்வரில் பிறந்தவர். 1956-ல் பத்ரிநாத் பக்கம் சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசியதைக் கேட்டார். உடனே வேலையை உதறிவிடவில்லை. நாலு வருஷம் யோசித்து 1960-ல்தான் விட்டார். எனக்கு அந்த நாலு வருஷம் பிடித்திருக்கிறது. குடும்பஸ்தன் அப்படித்தான் முடிவெடுப்பான். 1964-ல் நண்பர்களோடு சேர்ந்து கோபேஷ்வரில் 'தசோலி கிராம ஸ்வராஜ்ய சங்கம்' ஆரம்பித்தார். பிறகு பெயரில் 'சங்கம்' போய் 'மண்டல்' வந்தது. சிப்கோ இயக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

நம் பாடப்புத்தகத்தில் சிப்கோ என்றால் மரத்தைக் கட்டிப்பிடித்த பெண்கள், ஒரு கோட்டோவியம், இரண்டு மதிப்பெண். நானும் அவ்வளவுதான் படித்தேன். மிச்சத்தைப் பார்க்கலாம் என்றுதான் உத்தராகண்டின் கட்வால் மலைகளுக்குக் கிளம்பினேன்.

தேவபிரயாகையில் பாகீரதி, ருத்ரபிரயாகையில் மந்தாகினி, கர்ணபிரயாகையில் பிண்டர், நந்தபிரயாகையில் நந்தாகினி. அலக்நந்தாவோடு ஒவ்வோர் ஆறும் சேரும் சங்கமங்களை எண்ணிக்கொண்டே போனேன். நடுவில் கல் விழுந்து இரண்டு மணி நேரம் நின்றோம். ஒருவரும் பதறவில்லை. பக்கத்து சீட் அம்மா பையிலிருந்து பட்டாணி எடுத்து உரிக்கத் தொடங்கி, என் மடியிலும் ஒரு பிடி போட்டார். மலையைக் குடைந்து கர்ணபிரயாகை வரை 125 கிலோமீட்டருக்கு ரயில் பாதை வேறு போடுகிறார்கள். வழியெல்லாம் லாரி, புழுதி.

கோபேஷ்வர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. குளிர். நாளைக்கு எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: கோபேஷ்வர்

என் ஹிந்தி, பிரசார சபையின் 'மத்தியமா' வரை. பரீட்சைக்குப் படித்த ஹிந்தி. "கிருபயா" இல்லாமல் எனக்கு வாக்கியம் வராது. டீக்கடையில் ஒரு பெரியவர் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "உட்கார் புலி" என்றார். திடுக்கிட்டேன். கட்வாலியில் 'புலி' என்றால் தங்கையாம். ஏழு நாளும் புலியாகத்தான் சுற்றினேன்.

பெரியவர் இளவயதில் சங்கத்தின் முகாம்களில் கல் சுமந்தவர். அவர் சொன்னதையும், நான் முன்னமே படித்து வைத்திருந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மரத்தைக் காப்பாற்ற ஆரம்பித்த சங்கம் இல்லை இது. வேலைக்காக ஆரம்பித்தது. மலையில் ஆண்களுக்குப் பிழைப்பில்லை. பட்டாளம், இல்லாவிட்டால் சமவெளியில் ஓட்டல் வேலை. ஊரில் இருப்பதை வைத்து ஊரிலேயே சம்பாதிக்க முடியாதா என்பதுதான் கேள்வி. முதலில் சாலை போடும் கூலியாட்களின் கூட்டுறவு. பிறகு மரப்பட்டறை: ஏர், நுகத்தடி, மண்வெட்டிப் பிடி. அதோடு ஒரு சின்ன டர்பன்டைன் ஆலை.

பைன் மரத்தின் பாலுக்கு இங்கே 'லீசா' என்று பெயர். ஊருக்கு வெளியே நடந்து போனபோது பார்த்தேன். அடிமரத்தில் மீன் முள் மாதிரி சாய்வாகச் சாய்வாக வெட்டு, அதற்குக் கீழே ஒரு தகரக் குவளை. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை. இதை எழுதும்போதும் பேனா விரலில் ஒட்டுகிறது. ரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அந்த லீசா விஷயத்தில்தான் சங்கத்துக்கு முதல் சூடு. பெரேலியில் இருந்த பெரிய ஆலைக்கு வனத்துறை மலிவாகக் கொடுத்த லீசாவை, மரம் நிற்கிற இடத்திலேயே இருக்கும் இவர்களுக்குக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. பெரியவர் இதைச் சொல்லும்போது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய விலையை நேற்று சந்தைக்குப் போய் வந்தவர் போலக் கோபமாகச் சொன்னார்.

"காட்டைக் காப்பாத்தணும்னு அப்ப எங்களுக்குத் தோணலை. எங்க காட்டுல எங்களுக்குப் பங்கு இல்லையான்னுதான் கேட்டோம்" என்றார்.

1970 ஜூலை 20 அலக்நந்தா வெள்ளம்தான் இரண்டையும் சேர்த்தது. பேலாகூச்சியில் பஸ்களையே ஆறு கொண்டுபோனது. நிவாரணத்துக்குப் போன சங்கத்து ஆட்கள் பள்ளத்தாக்கு முழுக்க நடந்து பார்த்தார்கள். மேலே காடு மொட்டையாக இருந்த இடங்களில் கீழே சேதம் அதிகம் என்று அவர்களுக்குப் பட்டது. அதை எழுதி அரசாங்கத்துக்கும் அனுப்பினார்கள்.

பட் அவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதுக்கு மேல். 1982-ல் மகசேசே, 2005-ல் பத்மபூஷண். "போய்ப் பார்க்கிறாயா?" என்று பெரியவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வயதில் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, மத்தியமா ஹிந்தியில் கேள்வி கேட்பது வன்முறை.

மாலையில் கோபிநாத் கோயில். முற்றத்தில் ஆளைவிடப் பல மடங்கு உயரத்துக்கு ஒரு திரிசூலம். தரிசனம், திரும்பல், தூக்கம்.

மூன்றாம் நாள்: மண்டல்

சங்கத்தின் பெயரிலும் மண்டல், ஊர் பெயரும் மண்டல். குழப்பிக்கொள்ள வேண்டாம். கோபேஷ்வரிலிருந்து சோப்தா போகிற சாலையில் ஷேர் ஜீப்பில் அரை மணி நேரப் பயணம். அனசூயா தேவி கோயிலுக்கு மலை ஏறுகிறவர்கள் இறங்குமிடம் இதுதான். வழியெங்கும் புராஞ்ஸ் பூத்துச் சிவந்து கிடக்கிறது. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் உறவு.

'அங்கு' மரத்தைக் காட்டச் சொல்லி ஒரு விவசாயியிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் ஆஷ். அவர் மரத்தைக் காட்டவில்லை, மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். சுவரில் ஒரு நுகத்தடி தொங்கியது. "தூக்கிப் பார்" என்றார். தூக்கினேன். பார்வைக்கு எங்கள் தாத்தா வீட்டு நுகத்தடி மாதிரியே தடிமன். எடையோ அதில் பாதிகூட இருக்காது. மாட்டின் கழுத்து படும் இடம் கண்ணாடி போல வழவழப்பு. ஒரு விரிசல் இல்லை. இந்த மலை மாடுகள் நம் கன்றுக்குட்டி உயரம்தான். சரிவில் படிப்படியாக இருக்கும் துண்டு வயலில் அவற்றின் கழுத்தில் கனமான கட்டையைப் போட்டால் என்ன ஆகும்? அதனால்தான் அங்கு மரம்.

சங்கம் கேட்டது பட்டறைக்குக் கொஞ்சம் அங்கு மரம். வனத்துறை கிடையாது என்றது. பைன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. பைனில் யாராவது நுகத்தடி செய்வார்களா? அதே சமயம் அலகாபாத்திலிருந்து வந்த சைமண்ட்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனிக்கு அதே மரங்களை ஒதுக்கியது. மண்ணை உழ இல்லை, பந்தடிக்க உண்டு.

1973 ஏப்ரல் 24. வெட்ட வந்த ஆட்களுக்கு எதிரே ஊரே தாரை தப்பட்டையோடு வந்து நின்றது. அன்றைக்கு ஒருவரும் ஒரு மரத்தையும் கட்டிப்பிடிக்க வேண்டி வரவில்லை. கூட்டத்தைப் பார்த்தே வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கட்டிப்பிடிப்போம் என்பது அதற்கு முன் கூட்டத்தில் பேசிய பேச்சு. கட்வாலியில் 'அங்வால்' என்றால் அணைப்பு. பிள்ளையைப் புலி தூக்க வந்தால் தாய் எப்படி அணைத்துக்கொள்வாளோ அப்படி. (இங்கே நிஜப் புலி.) 'சிப்கோ' என்பது அதற்குப் பின் வந்த ஹிந்திச் சொல். 'ஒட்டிக்கொள்' என்று அர்த்தம். காதில் தங்கியது அதுதான்.

கம்பெனிக்குக் கேதார்நாத் பள்ளத்தாக்கில் பாட்டா பக்கம் வேறு மரம் கொடுத்தார்கள். ஜனங்கள் அங்கேயும் காவல் இருந்தார்கள். டிசம்பரில் ஊர்க்காரர்கள் சினிமா பார்க்கப் போன நேரமாகப் பார்த்து ஐந்து மரத்தை வெட்டிவிட்டார்கள். ஆனால் தூக்கிக்கொண்டு போக விடவில்லை. உரிமக் கெடு முடிந்தது, மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சினிமாவுக்குப் போனதற்காக அந்த ஊர் ஆட்கள் தங்களை எவ்வளவு திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ஜீப்புக்குக் காத்திருந்தேன்.

நான்காம் நாள்

மழை. வயிறு சரியில்லை. அறையிலேயே இருந்தேன். ஓட்டல்காரரின் மனைவி கஞ்சி கொண்டுவந்தார். 'ஜங்கோரா' என்றார். ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம் குதிரைவாலி. 'மண்டுவா' ரொட்டி என்று நேற்று சாப்பிட்டது கேழ்வரகு. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து பாட்டி வீட்டுச் சாப்பாடு.

ஐந்தாம் நாள்: ஜோஷிமட் – ரைணி

ஜோஷிமட்டுக்கு இப்போது அரசாங்கப் பெயர் ஜோதிர்மட். பஸ்ஸில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் இங்கே 800-க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல் விட்டது நினைவிருக்கும். பழைய நிலச்சரிவின் மண்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது, பெரிய கட்டுமானம் வேண்டாம் என்று அரசாங்கம் போட்ட மிஸ்ரா குழு 1976-லேயே எழுதிவைத்தது. ஆபத்தான வீடுகளின் சுவர்களில் போட்ட சிவப்புப் பெருக்கல் குறியைத் தேடினேன். சிலது மங்கலாக இன்னும் இருக்கிறது.

அங்கிருந்து மலாரி சாலையில் 25 கிலோமீட்டர் போனால் ரைணி. தபோவனைத் தாண்டியதும் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கீழே ஆற்றங்கரையில் மரமே இல்லாமல், சாம்பல் நிறத்தில் பாறையும் மணலும் கொட்டிக் கிடந்தது.

முதலில் 1974. கௌரா தேவி பக்கத்து ஊரான லாதாவில் 1925-ல் பிறந்தவர், ரைணிக்கு வாழ்க்கைப்பட்டவர், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். போட்டியா பழங்குடி. மகளிர் மங்கள் தளம் என்ற ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. ரைணிக் காட்டில் 2,451 மரங்கள் ஏலம் போயிருந்தன. மார்ச் 26 அன்று ஆண்கள் யாரும் ஊரில் இல்லை. ராணுவத்துக்காக எடுத்த நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று அவர்களைச் சாமோலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பல வருஷமாக வராத பணம், சரியாக அன்றைக்குத்தான் வந்தது. அதே நாளில் சண்டி பிரசாத் பட் அவர்களைப் பேச்சுவார்த்தை என்று வனத்துறை அதிகாரிகள் கோபேஷ்வரில் பிடித்து வைத்திருந்தார்கள். சாமர்த்தியமான ஏற்பாடு. பெண்களை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்.

வெட்டுக்காரர்கள் ஏறிப் போவதை ஒரு சிறுமி பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாள். கௌரா தேவி கூட்டிக்கொண்டு போனது 27 பெண்களை. அதில் சிறுமிகளும் உண்டு. குடித்திருந்த ஒருவன் துப்பாக்கியைக் காட்டினான். சுடு என்று நெஞ்சைக் காட்டி நின்றார். இந்தக் காடு எங்கள் 'மாய்கா' என்றார்.

மாய்கா என்றால் பிறந்த வீடு. இந்தச் சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாமியார் கையால் சோறு இறங்காத நாளில் நினைத்துக்கொள்கிற வீடு. சீர் வருகிற வீடு, பிரசவத்துக்குப் போகிற வீடு. புல்லுக்கும் விறகுக்கும் காட்டுக்குப் போகிற சாக்கில்தான் இந்த மலைப் பெண்ணுக்கு வீட்டை விட்டு வெளியே வந்து, தோழிகளோடு நாலு பேச்சுப் பேச முடியும். இதே சாமோலி மாவட்டத்தில், குவால்தமில், 1995-ல் தொடங்கிய 'மைதி' வழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் பெண்ணின் பிறந்த வீட்டில் ஒரு மரம் நடுகிறார்கள். மகள் போன பிறகு தாய் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

ரைணியில் வெட்டு நின்றதும் அரசாங்கம் ஒரு நிபுணர் குழு போட்டது. தாவரவியல் பேராசிரியர் வீரேந்திர குமார் அதன் தலைவர். 1976-ல் அறிக்கை வந்ததும் மேல் அலக்நந்தா நீர்ப்பிடிப்புப் பகுதியில் வணிகத்துக்காக வெட்டுவதற்குப் பத்து வருஷத் தடை. பாடப்புத்தகம் இங்கே முடிகிறது.

ஊர் முடியவில்லை. 2021 பிப்ரவரி 7, ஞாயிறு காலை. ரோந்தி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷிகங்கையில் இறங்கின. ரைணிக்குக் கீழே இருந்த 13.2 மெகாவாட் மின்திட்டம் இருந்த இடம் தெரியவில்லை. அடுத்து தபோவனில் 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இறந்தவர்களும் கிடைக்காதவர்களுமாக 200 பேருக்கு மேல். அந்தச் சின்னத் திட்டம் பாறையை வெடிவைத்துத் தகர்க்கிறது என்று ரைணிக்காரர்கள் 2019-லேயே உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள். வெள்ளத்துக்குப் பிறகு மறுபடி போனார்கள். 2021 ஜூலையில் மனு தள்ளுபடியானது. மனுதாரர்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம்.

அதே வருஷம் மழைக்காலத்தில் ஊருக்குக் கீழே சாலை சரிந்தது. கௌரா தேவியின் சிலையை அகற்றிப் பத்திரமான இடத்துக்கு எடுத்துப் போனார்கள். ஊரையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். ஒரு வீட்டுச் சுவரில் விரிசல் வழியாக என் கை உள்ளே போனது. வீட்டுக்காரப் பெண் அதில் துணி அடைத்து வைத்திருந்தார். "காற்று வருது" என்றார், அவ்வளவுதான். நீலப்பூ போட்ட பழைய சுடிதார்த் துணி.

ஆறாம் நாள்: லாதா

லாதா ரைணிக்குப் பக்கம்தான். ஆனால் சாலையிலிருந்து ஏற்றம். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, புல்கட்டு சுமந்த மூன்று பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். கட்டு முதுகில், கயிறு நெற்றியில், இடுப்பில் அரிவாள். அதில் ஒருவர் போகிற போக்கில் என் தோள்பையையும் வாங்கி மேலே போட்டுக்கொண்டார். வெட்கமாக இருந்தது. பையைத் திருப்பிக் கேட்க மனசு வரவில்லை.

அவர் மாமியார்தான் இன்றைக்கு எனக்குச் சோறு போட்டவர். வயது கேட்டேன். "சீனா சண்டை வந்தப்ப கல்யாணம் ஆகியிருந்தது" என்றார். அது 1962. அதற்கு முன்னால் இவர்கள் ஆடுகளின் முதுகில் தானியம் ஏற்றித் திபெத்துக்குப் போய் உப்பும் கம்பளியும் கொண்டுவந்தவர்கள். சண்டையோடு அந்த வழி அடைபட்டது. மிச்சம் இருந்தது நந்தாதேவிப் பக்கத்து மேய்ச்சல் நிலம், மூலிகை, மலை ஏற வருகிறவர்களுக்குச் சுமை தூக்கும் வேலை.

1982-ல் நந்தாதேவி தேசியப் பூங்கா ஆனது. மேய்ச்சல் கிடையாது, மலையேற்றம் கிடையாது, உள்ளே போகவே கூடாது. 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னம். ரைணியில் காட்டை வெட்டாமல் தடுத்த அதே ஜனங்களுக்கு எட்டு வருஷத்தில் காடு பூட்டப்பட்டது. 1998-ல் லாதாக்காரர்கள் கூட்டமாகப் பூங்காவின் உள்பகுதிக்குள் நடந்து போனார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜப்டோ சீனோ'. பறி, பிடுங்கு. கட்டிப்பிடித்துப் பார்த்தாகிவிட்டது, இனிப் பிடுங்குவோம் என்கிற மாதிரி. 2001-ல் இங்கே ஊர்க்காரர்கள் ஒரு பிரகடனம் எழுதினார்கள்: சுற்றுலா வரட்டும், ஆனால் அதை நாங்கள் நடத்துவோம், வருமானம் ஊருக்கு வரட்டும், காட்டையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

எனக்கு நேரடியாகவே கேட்க வேண்டும் போலிருந்தது. "பாட்டி, காட்டைக் காப்பாத்தினதுக்கு வருத்தப்படறீங்களா?"

அடுப்பில் ஓக் சுள்ளியை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மா வீட்டைக் காப்பாத்தினதுக்கு யாராவது வருத்தப்படுவாங்களா? அண்ணன்காரன் கதவைச் சாத்திட்டான். அதுக்குத்தான் வருத்தம்."

நான் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பருப்பு கொதித்தது. 'கஹத்' என்றார். ஊற்றியதும் வாசனையிலேயே தெரிந்தது, கொள்ளு. சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று அவர் சொல்ல, எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் சொல்ல, அதற்குப் பிறகுதான் அவர் என்னை மனுஷியாக மதித்தார் என்று நினைக்கிறேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பதை மத்தியமா ஹிந்தியில் மொழிபெயர்த்தேன். மருமகள் என் உடம்பைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி கொள்ளு ஊற்றினார்.

கிளம்பும்போது பழைய செய்தித்தாளில் ஒரு கிலோவாவது இருக்கும், கொள்ளு கட்டிக் கொடுத்தார்கள். காசு நீட்டினேன். பாட்டி என் கையைத் தட்டிவிட்டார்.

ஏழாம் நாள்: திரும்பும் பஸ்

ஜோஷிமட்டில் டிக்கெட் எழுதியவர் சின்னப் பையன். இந்த முறை கேட்காமலே நல்ல ஜன்னல் சீட் கிடைத்தது. நந்தபிரயாகை வரை தூங்கிவிட்டேன். ஸ்ரீநகரில் (காஷ்மீர் இல்லை, கட்வால் ஸ்ரீநகர்) சிக்னல் வந்ததும் அம்மா போன்.

"என்னடி வாங்கினே? ஸ்வெட்டர் ஏதாவது?"

"கொள்ளும்மா."

"என்னது?"

"கொள்ளு. ஒரு கிலோ."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கொள்ளு வாங்கவாடி இமயமலை வரைக்கும் போனே? முக்குக் கடையில சொன்னா வீட்டுக்கே கொண்டுவந்து போடுவான்."

தேவபிரயாகைத் திருப்பத்தில் சிக்னல் போய்விட்டது.